நூறு ரூபாய்ச் சீட்டில் எழுதாத நாற்பது ரூபாய்

இந்த வாரம் என் பிரெஞ்சுப் பள்ளிக்கூடக் கதையின் மீதியைச் சொல்வதாக இருந்தேன். அதைத் தள்ளி வைக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள ஒரு பங்கில் நடந்தது மனசை விட்டுப் போகவில்லை. அதை முதலில் இறக்கி வைத்துவிட வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். மகள் வீட்டுக்கு நெய்வேலி வந்த பிறகு மருமகன் வாங்கிக் கொடுத்தது. காய்கறிக்கும், நூலகத்துக்கும், மாதம் ஒருமுறை வடலூர் சபைக்கும் அதில்தான் போகிறேன். பங்கில் எனக்கு முன்னால் ஒரு குட்டியானை நின்றிருந்தது. ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். டீசல் போட்ட பெண்ணுக்கு இருபதுகூட இருக்காது. அவன் அவளைப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"பாண்டியில லிட்டருக்கு ஆறேழு ரூபா கம்மியா போடுறான். அதே கம்பெனி, அதே டீசல். நீங்க மட்டும் ஏன்மா இப்படிக் கொள்ளையடிக்கிறீங்க?"

"அண்ணே, நான் என்ன பண்றது? கம்பெனி போடுற ரேட்டு. காலையில ஆறு மணிக்கு மிஷின்ல அதுவே மாறிடும்."

"மாறிடுமா? எப்ப மாறிச்சு? ரெண்டு வருஷமா ஒரே ரேட்டு போட்டு வெச்சிருக்கீங்க!"

பாவம், அவளிடம் இதற்குப் பதில் இல்லை. அவன் காசை விட்டெறியாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனான். என் முறை வந்தது. நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லி, பில் கேட்டேன். பங்கில் பில் கேட்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நாற்பது வருஷம் கோப்பு கட்டிய கை. சீட்டு இல்லாமல் காசு கொடுத்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

அந்தச் சீட்டை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பங்க் பெயர் இருந்தது. எந்தக் குழாய் என்று இருந்தது. எவ்வளவு லிட்டர், என்ன விலை, மணி என்ன என்று இருந்தது. அடர்த்திகூட இருந்தது! பெட்ரோலின் அடர்த்தியை வைத்துக்கொண்டு நானோ நீங்களோ என்ன செய்யப் போகிறோம்? நான் கொடுத்த நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் எண்ணெய்க்கு, எத்தனை ரூபாய் வரிக்கு என்பது மட்டும் இல்லை.

அன்று இரவு சமையல் எரிவாயு சிலிண்டர் வந்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், மாநில ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், தொகை இவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்திருக்கிறார்கள். சிலிண்டரை விற்பவர்களும் பெட்ரோலை விற்பவர்களும் ஒரே பொதுத்துறை நிறுவனங்கள்தான். ஐந்து சதவீத வரிக்கு இரண்டு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு நாற்பது சதவீத வரிக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டால் வரியைப் பிரித்துத் தருகிறான். சினிமா டிக்கெட்டில் போடுகிறான். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஆகவே எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. காரணம் அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் விலையைக் குறை என்று கூச்சல் போட நான் வரவில்லை. நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு எரிபொருள் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று எழுதினால் என் கை கூசும். இங்கே எரிபொருளுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது கண் முன்னால் கிடக்கிறது. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டப் போய்ப் பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. 1956-ல் நிறுவனம், 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதற்கப்புறம் எத்தனை ஊர் எழுந்து போயிற்று என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை செய்ய முடியும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் பருவத்து நெல்லின் மேல் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். எங்கள் வீட்டு மின்விசிறி அந்த மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. எரிசக்திக்கு உண்மையான விலை உண்டு, அதை யாராவது கொடுத்துத்தான் தீரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிற நாடு இது. உலகத்தில் எண்ணெய் குடிப்பதில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நாம்தான். வரி போட்டுக் கொஞ்சம் கட்டுப்படுத்துவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் சண்டை வரியோடு இல்லை. வரியை ஒளித்து வாங்குவதோடுதான்.

விலையை உடைத்துக் காட்டுவது புது விஷயம் இல்லை என்பதற்கு என் வீட்டு அடுப்புக் கதையே போதும். அம்மா முதலில் சவுக்கு விறகில் சமைத்தார். விறகுத் தொட்டியில் எடை போடுகிறவன், ஈர விறகுக்கு இவ்வளவு கழிவு என்று வாய்விட்டுச் சொல்லித்தான் காசு வாங்குவான். வண்டிக் கூலி தனி. பிறகு மரத்தூள் அடுப்பு. அதற்குப் பிறகு இதே நெய்வேலியிலிருந்து வந்த லெகோ. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, புகையை எடுத்துவிட்டு விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? பற்றவைக்கத்தான் நேரம் பிடிக்கும். பற்றிக்கொண்டால் சாம்பார் கொதித்து, வெந்நீர் காய்ந்து, அதற்குப் பிறகும் கனன்றுகொண்டே இருக்கும். (அந்தத் தணலில் சுட்ட அப்பளத்தின் ருசி இன்றைக்குக் கேஸ் அடுப்பில் வராது. என் பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள்.) பின்னால் மண்ணெண்ணெய், நூதன் ஸ்டவ், கடைசியில் கேஸ். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை நெய்வேலிக்குச் சுற்றுலா அழைத்து வந்தபோது, எங்கள் வாத்தியார் அந்தப் பழுப்புப் பள்ளத்தைக் காட்டி "லிஞ்ஞித்!" என்று பிரெஞ்சில் முழங்கினார். நாங்களோ, "முசே, இது எங்க அம்மா அடுப்புல எரிக்கிற லெகோ" என்றோம். அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அந்தக் காலத்தில் இங்கே ஷிஃப்ட் சங்கு ஊதினால் சாலை முழுக்க சைக்கிள். இன்றைக்கு அதே சாலையில் சைக்கிளைத் தேடவேண்டியிருக்கிறது. நாடு முழுவதும் பங்குகள் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டன. பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றும் வண்டி, மீன் கொண்டுபோகும் மொபெட், சொமேட்டோ பையன், ஷேர் ஆட்டோ என்று பெட்ரோலும் டீசலும் இன்று உப்பைப் போல ஆகிவிட்டன. வேண்டாம் என்று சொல்லமுடியாத சரக்கு.

உப்பு என்று சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்த வார்த்தை வந்தவுடன் இன்னொரு வார்த்தை தானாக வரும்: காபேல். பிரெஞ்சு ராஜாக்கள் போட்ட உப்பு வரி. எங்கள் சரித்திரப் பாடத்தில் பாஸ்தீல் சிறையை இடிப்பதற்கு முன்னால் வரும் அத்தியாயம் அது. பெரிய காபேல் பகுதி என்று சொல்லப்பட்ட மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு இவ்வளவு உப்பு என்று கணக்கு வைத்து வாங்கச் செய்தார்கள். பக்கத்திலேயே ப்ரெத்தாஞ் மாகாணத்துக்கு அந்த வரி கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பல மடங்கு. விளைவு என்ன? எல்லை முழுக்க உப்புக் கடத்தல். பெண்கள் பாவாடைக்குள் வைத்துக் கடத்தினார்கள், நாய்களைப் பழக்கிக் கடத்தினார்கள் என்று படித்தோம். பிடிபட்டவர்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. புரட்சி வந்ததும் 1790-ல் அந்த வரியை ஒழித்தார்கள். நெப்போலியன் வந்து 1806-ல் திரும்பப் போட்டான் என்பதை எங்கள் வாத்தியார் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லுவார்.

அந்தப் பாடத்தைப் படித்தபோது, எனக்கு எழுபது வயது தாண்டி முள்ளோடை எல்லையில் அதை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் எல்லை தாண்டியதும் பங்க் மேல் பங்காக வரிசையாக நிற்கிறதே, அவற்றில் நிற்கும் வண்டிகளின் எண்ணைப் பாருங்கள். டிஎன் என்றுதான் பாதிக்கு மேல். 2021 நவம்பரில் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தபோது புதுச்சேரி தன் பங்குக்கு லிட்டருக்கு ஏழு ரூபாய் குறைத்தது. 2025 சனவரியில் கொஞ்சம் ஏற்றியது. அப்படியும் இன்னும் கணிசமான வித்தியாசம். கன்னியக்கோவிலில் டாங்க் நிரப்பிக்கொண்டு வந்த சந்தோஷத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னிடம் கணக்குச் சொன்னார். நெய்வேலியிலிருந்து அங்கே போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல். மிச்சம் பிடித்த காசைவிட எரித்த எண்ணெய் அதிகம். அதை நான் சொன்னபோது, "அது வேற, சார்" என்றார். எது வேறு என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லையில் நிற்கும் போலீஸ்காரர் டிக்கியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கமாட்டார்.

குட்டியானைக்காரன் கேட்ட கேள்வி இதுதான். அதே கம்பெனி, அதே டீசல், ஏன் வேறு விலை? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரே வரி: இரண்டு அரசுகளும் வேறு வேறு வரி போடுகின்றன. அந்த ஒரு வரி சீட்டில் இருந்திருந்தால் அவன் அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கமாட்டான். திட்டவேண்டிய இடம் எது என்று தெரிந்திருக்கும். தெரியக்கூடாது என்பதுதானே ஏற்பாடு?

"அப்படியெல்லாம் இல்லை, உலகச் சந்தைதான் விலையைத் தீர்மானிக்கிறது" என்பார்கள். சரி, அந்தக் கதையையும் பார்ப்போம். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு தன் கையிலிருந்து விட்டது. 2014 அக்டோபரில் டீசலையும் விட்டது. 2017 மே முதல் தேதி, தினமும் விலை மாற்றும் முறையை ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஐந்தில் எங்கள் புதுச்சேரியும் ஒன்று. அப்போது நான் அங்கேதான் இருந்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் ஏழு பைசா ஏறியது, நாலு பைசா இறங்கியது என்று பார்ப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஜூன் 16 முதல் நாடு முழுவதும் வந்தது. உலகத்தில் விலை இறங்கினால் மறுநாளே உங்களுக்கு இறங்கும் என்றார்கள். நானும் நம்பினேன். வெளிப்படையான முறை என்று இரண்டு பேரிடம் வாதாடியும் இருக்கிறேன்.

நடந்தது என்ன? 2018-ல் கர்நாடகத் தேர்தலுக்கு முன்னால் மூன்று வாரம்போல விலை அசையவில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் அசைந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் உலகமே படுத்துக் கிடந்தபோது அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. நமக்கு? மார்ச்சில் மூன்று ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்குப் பத்து, டீசலுக்குப் பதின்மூன்று என்று மத்திய கலால் ஏறியது. மாநில அரசும் அதே மே மாதம் தன் வரியை மாற்றிக்கொண்டது. 2021 நவம்பர் முதல் 137 நாள் விலை சிலையாக நின்றது. நடுவில் ஐந்து மாநிலத் தேர்தல். முடிவு வந்த பிறகு மார்ச் 22-ல் தொடங்கி, எண்பது பைசா எண்பது பைசாவாகப் பதினாறே நாளில் பத்து ரூபாய் ஏறிற்று. அதற்குப் பிறகு தினசரி விலை மறுபடி தூங்கப் போய்விட்டது. 2024 மார்ச் 15-ல் இரண்டு ரூபாய் குறைந்தது. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு. 2025 ஏப்ரலில் கச்சா விலை சரிந்தபோது கலாலை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார்கள், ஆனால் பங்கில் விலை மாறவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. பில்லில் வரி தனியாக இருந்திருந்தால் ஏப்ரல் 7-ந்தேதி சீட்டுக்கும் 8-ந்தேதி சீட்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

எண்ணெய் நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2022-ல் உக்ரைன் போரின்போது உலக விலை ஏறியும் இங்கே ஏற்றாமல் அவர்கள் நஷ்டப்பட்டார்கள். உண்மை. அடுத்த வருஷம், 2023-24-ல், மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தார்கள். அதுவும் உண்மை. ஏற்றாததும் சந்தை இல்லை, இறக்காததும் சந்தை இல்லை. காலை ஆறு மணிக்கு மிஷினில் மாறுகிறது என்று அந்தப் பெண் சொல்கிறாளே, மாற்றுகிறவர்கள் யார் என்பது அவளுக்கும் தெரியாது.

மாநில அரசு, நாங்கள் பாவம், எல்லாவற்றையும் தில்லிதான் அள்ளிக்கொண்டு போகிறது என்று சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. 2025 ஏப்ரலில் பெட்ரோலில் மத்திய கலால் மொத்தம் 21 ரூபாய் 90 பைசா ஆயிற்று. அதில் மாநிலங்களோடு பங்கு போடவேண்டிய அடிப்படைக் கலால் எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய் நாற்பது பைசா. மீதியெல்லாம் சிறப்புக் கூடுதல் வரி, சாலை வரி, வேளாண் கட்டமைப்பு வரி என்ற பெயர்களில், பங்கு போடத் தேவையில்லாத பானையில் விழுகிறது. அந்த ஒன்று நாற்பதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்குமாக 57 பைசா. பதினைந்தாவது நிதிக்குழுவின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு நாலு சொச்சம். ஆக, லிட்டருக்கு நமக்கு வருவது இரண்டு பைசாவும் கொஞ்சமும். இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாநிலமும் சும்மா இல்லை. இந்த இரண்டு பைசா போக, தன் பங்காகச் சதவீதக் கணக்கில் ஒன்று, லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக ஒன்று என இரண்டு வகையில் வாட் வரி போடுகிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள், பாராட்டவேண்டியதுதான். அப்படியும் இருபது ரூபாய்க்குக் குறையாது. தில்லி சென்னையைக் காட்டும், சென்னை தில்லியைக் காட்டும். இரண்டு கையும் சீட்டில் தெரியக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. எந்தக் கட்சி எங்கே ஆண்டாலும் இந்த ஒற்றுமை குலைந்து நான் பார்த்ததில்லை. முன்னால் இருந்தவர்கள் எண்ணெய்க் கடன் பத்திரம் என்று காகிதம் எழுதிக் கொடுத்து அடுத்த தலைமுறை தலையில் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பத்திரத்தைக் காட்டியே வரியைக் குறைக்க முடியாது என்றார்கள்.

"எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே, தாத்தா" என்று என் பேத்தி சொன்னாள். இருக்கிறது. எண்ணெய் நிறுவனம் விலை உடைப்பைப் போடுகிறது. தில்லி விலைக்கு! நெய்வேலிக்கு இல்லை, கடலூருக்கு இல்லை. மீன்காரம்மா மொபெட்டை நிறுத்திவிட்டு இணையத்தில் தில்லி விலையைத் தேடி, அதிலிருந்து தமிழ்நாட்டு வாட்டைக் கூட்டிப் பார்க்கவேண்டுமாம். அடர்த்தியைச் சீட்டில் போடலாமாம், வரியை மட்டும் தேடிக் கண்டுபிடிக்கவேண்டுமாம்.

பிரான்சில் இருக்கும் என் தம்பி முறைக்காரன், சொல்தா வீட்டுப் பிள்ளை, 2018 நவம்பரில் போன் செய்தான். "அண்ணே, ரோட்டுல இறங்க முடியல. எல்லாரும் மஞ்சள் சட்டை." அங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மஞ்சள் மேல்சட்டை வைத்திருக்கவேண்டும் என்று சட்டம். எரிபொருள் வரியை ஏற்றப் போகிறோம் என்று அரசு சொன்னதும், கிராமத்துக்காரர்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரவுண்டானாவில் உட்கார்ந்துவிட்டார்கள். டிசம்பரில் அரசு பின்வாங்கியது. நம் ஆட்களுக்கு ரோஷம் இல்லை என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. அங்கே எத்தனை சந்தீம் எந்தத் தேதியில் ஏறும் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததால் கோபம் சரியான இடத்துக்குப் போயிற்று. பங்கில் நின்ற பையனை யாரும் திட்டியதாக என் தம்பி சொல்லவில்லை. அங்கே பங்க் சீட்டில் மதிப்புக்கூட்டு வரியாவது அச்சாகி இருக்கும். நம்மிடம் அதுவும் கிடையாது.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எண்பதுகளில் நான் ஓர் அலுவலகத்தில் மண்ணெண்ணெய் சம்பந்தமான கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் மனு கொடுத்திருந்தார். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டு எழுதிய மனு. டவுனில் ஒரு லிட்டர் இவ்வளவு, எங்கள் ஊர்க் கடையில் சில பைசா கூட. கேட்டால் கடைக்காரர் சர்க்கார் விலை என்கிறார். அது எப்படி வந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு என் மேசையிலேயே இருந்தது: அடிப்படை விலை, வரி, மொத்த வியாபாரி கழிவு, வண்டிக் கூலி. தூரத்துக்கு ஏற்ற வண்டிக் கூலிதான் வித்தியாசம். எழுதிக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "விலை விதிகளின்படியே உள்ளது. மேல் நடவடிக்கை தேவையில்லை." கோப்பு முடிந்தது. எழுதிக் கொடுக்காதே என்று எந்த அதிகாரியும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த அம்மாள் கடைக்காரரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். ஒருவேளை கடைக்காரர் யோக்கியராக இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் திட்டு வாங்கியபோது எனக்கு ஞாபகம் வந்தது பாகூர்க் கோப்புதான்.

இரண்டு நாள் கழித்து ஓர் எண்ணெய் நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புக்கு எழுதினேன். கேட்டது ஒன்றே ஒன்று: பங்க் சீட்டில் நாலு தொகையை அச்சடியுங்கள். எண்ணெய் விலை, விற்பனையாளர் கழிவு, மத்திய வரி, மாநில வரி. அடர்த்தி அச்சடிக்கும் அதே மிஷின்தான். விலை மாறும்போது தானாக மாறுகிற மிஷினுக்கு வரி மாறும்போது மாறத் தெரியாதா? மறுநாளே பதில் வந்தது: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்த்து வைக்கப்பட்டது. விலை, நடைமுறையில் உள்ள விதிகளின்படியே உள்ளது." வாசித்துவிட்டுச் சிரித்தேன். என் வாசகம்! முப்பத்தைந்து வருஷம் கழித்து எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

நீங்களும் எழுதலாம். நம் வயசுக்காரர்களுக்கு நேரம்தான் இருக்கிறதே. நிறுவனத்துக்கு எழுதுங்கள், உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு பிரதி போடுங்கள். விலையைக் குறை என்று எழுதாதீர்கள். அதற்குத் தயார் பதில் நூறு வைத்திருப்பார்கள். பிரித்து எழுது என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மறுப்புச் சொல்லவேண்டுமானால் அவர்கள் காரணம் கண்டுபிடிக்கவேண்டியிருக்கும். மின்சார வண்டி வந்துவிட்டது, இதெல்லாம் பழைய கதை என்று மருமகன் சொல்கிறார். பெட்ரோலில் வருகிற இந்த வரும்படி குறைந்தால் நாளைக்கு அதைச் சார்ஜ் ஏற்றும் இடத்தில்தானே தேடுவார்கள்? அந்தச் சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதை இன்றைக்கே கேட்டு வைப்பது நல்லது.

நேற்று மறுபடி அதே பங்குக்குப் போனேன். நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு, சீட்டை வாங்கி, சட்டைப்பை பேனாவை எடுத்து அதன் பின்புறத்தில் எழுதினேன்: ஒரு லிட்டரில் மத்திய அரசுக்கு ரூ. 21.90, மாநில அரசுக்கு இருபது ரூபாய்க்கு மேல், பங்க் முதலாளிக்குச் சுமார் நாலு ரூபாய், மீதி எண்ணெய்க்கு. அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "யாராவது சண்டைக்கு வந்தா இதைக் காட்டும்மா" என்றேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"எங்க முதலாளிக்கு நாலு ரூபாதானா, தாத்தா? நான் பாதி அவருக்குன்னு நினைச்சேன்."

இன்று காலை அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள். சீட்டை மிஷின் பக்கத்தில் ஒட்டியிருந்தாளாம். மத்தியானத்துக்குள் மேனேஜர் கிழித்துவிட்டாராம். "இன்னொண்ணு எழுதிக் குடுங்க தாத்தா, நான் பர்ஸ்ல வெச்சிக்கிறேன்" என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.